விளக்கு மங்கும்வரை காத்திருந்து வாங்கிய ஆம்ப்ளிஃபயர்

கல்யாணமாகி நான் புகுந்த வீட்டுக்கு வந்த முதல் பெரிய சாமான் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். வளைகுடாவில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்த என் கணவர், முதல் விடுமுறையில் ஊருக்கு வரும்போது அவற்றையும் ஒரு கேசட் டெக்கையும் பம்பாய் வழியாகக் கொண்டுவந்து சேர்த்தார். கூடவே வரவேண்டிய ஆம்ப்ளிஃபயர் மட்டும் வரவில்லை. விமானத்தில் ஏறும்போது எடை கூடிவிட்டது, ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார்களாம். கையில் கிடைத்ததை அறைத்தோழரிடம் கொடுத்துவிட்டு ஏறியிருக்கிறார். அது ஆம்ப்ளிஃபயர்.

டெக் நாடாவைப் படிக்கும். ஆனால் அது படிப்பது முனகல் அளவுக்குத்தான் இருக்கும். அந்த முனகலுக்குப் பலம் கொடுத்து ஸ்பீக்கருக்குத் தள்ள நடுவில் ஒன்று வேண்டும். அது இல்லாததால் மற்ற இரண்டும் சும்மா நின்றன. என் கணவர் ஊரில் இருந்த நாட்களெல்லாம் விருந்து, கல்யாணம், மையத்து விழுந்த துக்க வீடு என்று ஓடிப்போயின. கிளம்புகிற அன்று, தம்பியை விட்டு ஒன்று வாங்கிக்கொள் என்று கொஞ்சம் பணத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கோடியக்கரைக்குப் போகிற சாலையில் இருந்தது எங்கள் ஊர். கடைத்தெருவும் பள்ளிவாசலும் ஒரு பக்கம், வயல்கள் மறுபக்கம். கடைசி வீடு எங்களுடையது. மாடியில் நின்றால் ஒரு திசையில் கூரைகள், எதிர்த்திசையில் கண்ணுக்கு எட்டியவரை நெல். பெரிய பண்ணைகளுக்கு நடுவில் எங்கள் மாமியாருக்கும் சில மா நிலம் இருந்தது.

மேடையில் பேசத் தெரிந்தவர்கள் கோட்டைக்குப் போயிருந்த காலம் அது. ஆகையால் எதற்கெடுத்தாலும் மைக் செட்டு. காதுகுத்துக்கும் மைக், கட்சிக் கொடியேற்றத்துக்கும் மைக், மஞ்சள் நீராட்டுக்கும் மைக். தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் காலையில் கத்த ஆரம்பித்தால் பாட்டா பேச்சா என்றுகூடப் புரியாது. மாமி காதைப் பொத்திக்கொண்டு, "தகர டப்பாவுக்குள்ள கல்லைப் போட்டு ஆட்டுறானுவ" என்பார். அதனால்தான், வீட்டுக்குள் நிற்கிற இந்தப் பெட்டிகள் எப்படிப் பேசும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. மாமி அவற்றின் மேல் பூவேலை செய்த துணியை விரித்துப் பிளாஸ்டிக் பூச்சாடி வைத்திருந்தார். வந்தவர்கள் இது என்ன, சின்ன பீரோவா என்று கேட்டார்கள்.

கொழுந்தன் பலரிடம் விசாரித்துவிட்டு ஒருநாள் வந்தான். எங்கள் வீடுகளில் அண்ணன் மனைவியை மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். "மச்சி, தஞ்சாவூர்ல ஒரு செட்டு பார்த்து வச்சிருக்கேன். நூறு வாட்டு. முன்னாடி ரெண்டு முள்ளு ஆடும், கலர் லைட்டு எரியும். பணத்தைக் குடுங்க, நாளைக்கே தூக்கிட்டு வந்துடுறேன்."

"எப்படிப் பாடுது?" என்று கேட்டேன்.

"நூறு வாட்டு மச்சி!"

"அது சரி. எப்படிப் பாடுது?"

அவன் கேட்டுப் பார்க்கவில்லை. கண்ணால் பார்த்ததோடு வந்துவிட்டான். புடவைக்கடையில் ஒரு நூல் புடவை எடுக்கவே பத்துப் புடவையைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, முந்தானையைக் கசக்கிப் பார்க்கிற எனக்கு அது ஒப்பவில்லை. நானும் வருகிறேன் என்றேன். நான் போனால் மாமியும் வரவேண்டும். அது மட்டுமில்லை, நம்முடைய ஸ்பீக்கரில் ஒன்றையும் டெக்கையும் கூடவே எடுத்துப் போவோம், கடைக்காரரின் ஸ்பீக்கரில் கேட்டு வாங்கி வந்து நம்முடையதில் மாட்டினால் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றேன்.

"பஸ்ஸுலயா?" என்றான் கொழுந்தன்.

"பின்ன, பல்லக்குலயா?" என்றார் மாமி. அவருக்குத் தஞ்சாவூர் போவதென்றால் எந்தக் காரணமும் நல்ல காரணம்தான்.

ஸ்பீக்கரைப் பழைய ஜமுக்காளத்தில் சுற்றினோம். டெக்கைத் தலையணைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினோம். கண்டக்டர் ஜமுக்காளத்தைத் தட்டிப் பார்த்து, "என்னங்கம்மா இது, ஆடா மாடா?" என்றார். பாட்டுப் பெட்டி என்றேன். "பாடுமா?" "அதைத் தெரிஞ்சுக்கத்தான் போறோம்." அவர் சிரித்துக்கொண்டே லக்கேஜ் சீட்டைக் கிழித்தார். மன்னார்குடி தாண்டும்வரை கொழுந்தன் வெட்கத்தில் எங்களோடு வராதவன் மாதிரி வேறு சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

கீழவாசல் பக்கம் இருந்தது அந்தக் கடை. உரிமையாளர் நெற்றி நிறைய விபூதி பூசிய பருத்த மனிதர். ஜமுக்காளத்தை அவிழ்த்ததும், "எந்தக் கட்சிக் கூட்டத்துக்குங்க?" என்றுதான் கேட்டார். அவர் விற்றதில் பாதி மேடைகளுக்குப் போவது. வீட்டில் பாட்டுக் கேட்க என்றதும் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கொழுந்தன் சொன்ன அந்த நூறு வாட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அழகாகத்தான் இருந்தது. சுவிட்சைப் போட்டதும் நீல விளக்கு எரிந்து முள் இரண்டும் துடித்தன.

"பாட்டு கேசட்டு போடட்டுங்களா?"

வேண்டாம் என்று என் பையிலிருந்த கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். அது என் கணவர் அனுப்பிய கடிதம். அந்த நாளில் வளைகுடாவிலிருந்து எல்லோரும் அப்படித்தான் அனுப்புவார்கள். பேனா பிடிக்கச் சோம்பல்பட்டவர்கள் கேசட்டில் பேசிப் பதிவுசெய்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். நாங்கள் சின்ன டேப் ரிக்கார்டரில் கேட்டுவிட்டு, அதற்கென்று இருந்த மைக்கில் பதில் பேசி அனுப்புவோம். அவர் கேசட்டில் ஒரு பக்கம் அவருடைய உம்மாவுக்கு, அதாவது மாமிக்கு, மறுபக்கம் எனக்கு. சினிமாப் பாட்டு எந்தப் பெட்டியில் கேட்டாலும் நன்றாகத்தான் இருக்கும், பாடுகிறவரை நான் நேரில் கேட்டதில்லை. ஆனால் இந்த மனிதரின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாமிக்கு அதைவிடத் தெரியும். அந்தக் குரல் எந்தப் பெட்டியில் அவருடையதாகவே வருகிறதோ அதை வாங்குவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன்.

உம்மாவின் பக்கத்தைப் போட்டார்கள். "உம்மா, நல்லா இருக்கீங்களா? கால்வலி எப்படி இருக்கு? கொல்லை வேலியை அடைச்சாச்சா?" நூறு வாட்டில் அந்தக் குரல் கனத்து, வீங்கி, மார்பில் வந்து இடித்தது. அமைச்சர் ஒருவர் எங்கள் கொல்லை வேலியைப் பற்றி விசாரிக்கிற மாதிரி இருந்தது.

மாமி முகத்தைச் சுளித்தார். "யாரு இவன்?"

"உங்க மவன்தான் மாமி."

"என் மவனுக்குச் சளி புடிச்சிருக்கா?"

கடைக்காரர் ஏதோ ஒரு திருகை இந்தப்பக்கம் திருப்பினார், அந்தப்பக்கம் திருப்பினார். சளி போகவில்லை. அடுத்து ஒரு வெளிநாட்டுப் பெட்டியைக் காட்டினார். அதில் குரல் அருமையாக இருந்தது. விலையைக் கேட்டதும் மாமி முந்தானையால் விசிறிக்கொண்டு, "அதைத் தூக்கி உள்ள வைங்க, புள்ளைங்க கைபட்டுடப் போவுது" என்றார். கடையில் பிள்ளைகளே இல்லை.

மேசைக்கு அடியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி கிடந்தது. விளக்கில்லை, முள்ளில்லை, முன்னால் வெறும் இரண்டு திருகுகள். பார்க்க எடுப்பாக இல்லாததால் யாரும் கேட்பதில்லை என்று அவரே சொன்னார். "உள்ளூர்ல செஞ்சதுங்க. இருபத்தஞ்சு இருபத்தஞ்சு வாட்டுதான். விலை கம்மி." கொழுந்தன் அதைப் பார்க்கவே விரும்பவில்லை. நான் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன், தூக்க முடியவில்லை. இவ்வளவு சின்னப் பெட்டி ஏன் இப்படிக் கனக்கிறது என்று கேட்டேன். "உள்ள இருக்கிற டிரான்ஸ்பார்மர் பெருசுங்க. கரண்டை வாங்கிக் குடுக்கிறது அதுதான். அந்தப் பெட்டியில லைட்டுக்குக் குடுத்த காசை இதுல அதுக்குக் குடுத்திருக்காங்க."

இதையும் மாட்டுங்கள் என்றேன். கொழுந்தன் சலிப்போடு கேசட்டை எடுத்துத் திரும்பப் போட்டான். சலிப்பில் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டான் என்பது எனக்குத் தெரியவில்லை.

"என்ன பண்றே?" என்று கேட்டது குரல்.

கடைக்குள் அவரே வந்து நின்ற மாதிரி இருந்தது. கேட்பதற்கு முன்னால் அவர் இழுத்த சின்ன மூச்சுகூடக் கேட்டது. நான் சுதாரிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. "தலைக்குக் குளிச்சிட்டு ஜன்னல்கிட்ட நின்னு துவட்டிக்கிட்டு இருப்பியே, அதேதான் புள்ள கண்ணுக்குள்ள நிக்குது. சோத்துல கை வச்சாலும் அதுதான், படுத்தாலும் அதுதான்..."

கொழுந்தன் டெக்மேல் பாய்ந்தான். பதற்றத்தில் பட்டன் கிடைக்கவில்லை. தெருவில் போன ஒரு சைக்கிள் நின்றது. கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தை ரொம்ப கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குக் காது இரண்டும் தீயாகச் சுட்டன, தலைமுக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டேன்.

குரல் நின்றதும் மாமி நிதானமாகச் சொன்னார். "இவன்தான் என் மவன். இதையே கட்டுங்க."

வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தாலும் எனக்கு இன்னொரு சந்தேகம் பாக்கி இருந்தது. எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் மின்சாரம் பாதியாகிவிடும். சுற்றிலும் வயல்களில் பம்புசெட்டு ஓடும், வீடுகளில் விளக்கெரியும். குண்டு பல்பு வாழைப்பூ நிறத்துக்கு மங்கி, அதன் கம்பியை வெறுங்கண்ணால் பார்க்கலாம். பாட்டுக் கேட்க நேரம் கிடைக்கிற அந்த நேரத்தில் வேலை செய்யாத பெட்டி எனக்கு எதற்கு?

"மாமி, கரண்டு இறங்கட்டும். பார்த்துட்டு வாங்கலாம்."

கொழுந்தன் கடைசி பஸ்ஸைப் பற்றிப் பேசினான். கடைக்காரர், "ஏம்மா, உங்க ஊரு இருட்டை இங்க கொண்டு வரச் சொல்றீங்களே" என்றார். தஞ்சாவூரிலும் விளக்கு வைக்கிற நேரத்தில் மங்குமல்லவா என்றேன். மங்கும் என்று ஒத்துக்கொண்டார். காத்திருந்தோம். டீ வாங்கிக் கொடுத்தார். மஃரிப் தொழுகை நேரம் வந்ததும், கடைக்காரரே பின்னறையில் அட்டைப்பெட்டிகளை ஒதுக்கி மாமி தொழ இடம் செய்து கொடுத்தார். மாமி தொழுதுவிட்டு வெளியே வரும்போது கீழவாசல் முழுக்க விளக்கு எரிந்தது, கடையிலிருந்த பல்பு மங்கிப்போயிருந்தது.

முதலில் நூறு வாட்டைப் போடச் சொன்னேன். நீல விளக்கு எரிந்தது. பேச்சு வந்தது, ஆனால் கூடவே வண்டு பறக்கிற மாதிரி ஒரு ரீங்காரம். சத்தத்தைக் கூட்டியதும் குரல் துண்டு துண்டாக உடைந்தது. முள் மட்டும் அழகாக ஆடிக்கொண்டிருந்தது. பிறகு சாம்பல் பெட்டி. இந்தமுறை பக்கத்தை நானே பார்த்துப் போட்டேன். "உம்மா, நல்லா இருக்கீங்களா?" மதியம் கேட்ட அதே குரல், உடையாமல், உறுமாமல். சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். இன்னும் கூட்டச் சொன்னேன். எதிர்ச்சாரியில் பாத்திரக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். குரல் குரலாகவே இருந்தது.

கொழுந்தன் போய் ஜமுக்காளத்தை எடுத்து வந்தான். கையிலிருந்த பணத்தில் அதை வாங்கி, ஒயர் வாங்கி, மாமிக்குத் தலையாட்டி பொம்மை ஒன்றும் வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தோம். ஊர் போய்ச் சேரும்வரை பெட்டி என் மடியில். தொடை மரத்துப்போனது. கொழுந்தன் கேட்டும் கொடுக்கவில்லை.

மறுநாள் இரண்டு ஸ்பீக்கரையும் மாட்டி ஒரு பாட்டு கேசட்டைப் போட்டபோதுதான் ஸ்டீரியோ என்றால் என்னவென்று கண்டோம். ஒரு பெட்டி கூடத்தின் இந்த மூலையில், மற்றது அந்த மூலையில். ஆனால் பாடுகிறவர் இரண்டுக்கும் நடுவில், காலண்டர் மாட்டியிருந்த வெற்றுச் சுவரிலிருந்து பாடினார். மாமி எழுந்து போய்க் காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அதற்கு நேராக முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்த வருஷக் குறுவை அறுவடைக்குக் கூலித்தகராறு வந்தது. எங்கள் பக்கத்துக்கு அது புதிதில்லை. அறுப்புக்கு இத்தனை நெல் கூலி என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அந்த நெல்லை அளக்க முடியாது என்று பெரிய மிராசுதார்கள் மறுத்தார்கள். வெளியூரிலிருந்து ஆள் இறக்கப் போவதாகப் பேச்சு வந்தது. அரிவாளை எடுக்காமல் சனம் வரப்பில் உட்கார்ந்தது. நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது. பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கியது. பக்கத்து ஊரில் இரண்டு குடிசைகள் எரிந்தன என்று கேள்விப்பட்ட அன்று மாமி வாசற்கதவைச் சீக்கிரமே தாழிட்டார்.

எங்கள் சொந்த வயலில் மாமி, அரசாங்கம் அறிவித்த கூலியையே கொடுத்து அறுத்து முடித்திருந்தார். அதற்காகப் பண்ணைகளில் எங்கள்மேல் வருத்தம். "உங்களுக்கு என்ன, துபாய்க் காசு" என்று ஜாடையாகப் பேசினார்கள்.

எங்கள் வயலுக்கு நடவாள்களைக் கூட்டி வருகிற அக்கா ஒருவர் இருந்தார். நெட்டையான, கணீரென்ற ஆள். தகராறின்போது பெண்களுக்கு முன்னால் நின்றவர் அவர்தான். ஒரு காலையில் வந்து கொல்லைப்புறம் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வந்து தரையில் உட்கார்ந்தார்.

"சாயங்காலம் தாசில்தார் வராரு, ரெண்டு பக்கத்தையும் வச்சுப் பேச. போன தடவையும் பேசுனாரு. அவரு சொன்னது முன்னாடி நின்ன பத்துப் பேரைத் தாண்டல. மறுநாளு பண்ணையில, அவரு அப்படிச் சொல்லவே இல்லைன்னுட்டாங்க. நாங்க கேக்கலையே, என்னத்தச் சொல்றது? இந்தத் தடவை அவரு வாயால சொல்றது கடைசி வரப்பு வரைக்கும் கேக்கணும்."

"மைக் செட்டுக்காரரைக் கேளுங்களேன், அக்கா."

"கேட்டாச்சு. பண்ணை வீட்டுக் கலியாணத்துக்கெல்லாம் நான்தான் கட்டணும், என் பொழப்புல மண்ணப் போடாதீங்கங்கிறாரு." அவர் கூடத்துச் சாம்பல் பெட்டியைப் பார்த்தார். "நடவு நட்டுக்கிட்டு இருக்கயில உங்க வூட்டுப் பாட்டு வயலு வரைக்கும் கேக்கும். வரி வரியா புரியும். அதான் வந்தேன்."

நான் மாமியைப் பார்த்தேன். முக்காலியில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். கொழுந்தன், "பாட்டுப் பெட்டிக்கும் மைக்குக்கும் என்ன சம்பந்தம்? அதெல்லாம் நடக்காது. தகராறுல நம்ம பேரு அடிபடும்" என்றான். எனக்கு அதற்குள் மனதில் வழி ஓடிவிட்டது. கடிதம் பதிவுசெய்கிற மைக் இருக்கிறதே. டெக்கில் அதைச் சொருக இடம் இருக்கிறதே. பதிவு பட்டனை அழுத்தி நிறுத்திவைத்தால் மைக்கில் பேசுவது ஆம்ப்ளிஃபயர் வழியாக வெளியே வரும். நான் விளையாட்டாகப் பேசிப் பார்த்திருக்கிறேன்.

"மாமி, பெட்டி வீட்டை விட்டு வெளியே போகாது" என்றேன். "ஸ்பீக்கர் ரெண்டையும் மாடியில வச்சா போதும். அவங்க நம்ம வாசல் களத்துல கூடிக்கிடட்டும்."

மாமி மணியை மடியில் வைத்தார். "நாம அளந்த கூலியைத்தானே கேக்குறாங்க? கேக்கட்டும். ஸ்பீக்கருக்கு அடியில சாக்கைப் போடு. மாடி ஈரமா இருக்கும்."

சேதி எப்படியோ பண்ணைக்குப் போய்விட்டது. மதியம் அங்கிருந்து, பண்ணையின் கணக்குவழக்கைப் பார்க்கிற காரியக்காரர் வந்து வாசலில் நின்றார். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு? ஊரோட ஒத்துப் போற குடும்பம் நீங்க."

மாமி கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னார். "என் மவன் வாங்கிக் குடுத்த பெட்டி. என் வூட்டுல வைக்கிறேன். வெளியில கேட்டா காதைப் பொத்திக்கச் சொல்லுங்க."

காரியக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை கொழுந்தன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். பிறகு ஒயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினான்.

சாயங்காலம் களம் நிறைந்து, வாய்க்கால் கரை நிறைந்து, அதற்கப்பால் வரப்புகளிலும் ஆட்கள் நின்றார்கள். எங்கள் வாசற்படிக்குக் கீழே மேசையும் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மிராசுதார்கள் நான்கைந்து பேர், எதிரே அக்காவும் விவசாயக் கூலிகள் சங்கத்து ஆட்களும், நடுவில் தாசில்தார். அவர் வயதானவர், மெல்லிய குரல். போனமுறை ஏன் கேட்கவில்லை என்று இருமியபோதே புரிந்தது. மைக் ஒயரை ஜன்னல் வழியாக வெளியே விட்டுவிட்டு நான் உள்ளே ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்தேன்.

சுவிட்சைப் போட்டதும் ஊளைச் சத்தம். களமே காதைப் பொத்தியது. மிராசுதார்களில் ஒருவர் சிரித்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.  ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்குள்ளேயே திரும்ப விழுகிறது என்று தோன்றவே, மாடியைப் பார்த்து, "ரெண்டையும் வயலைப் பார்க்கத் திருப்பு, கீழே பார்க்க வேணாம்" என்று கத்தினேன். கொழுந்தன் திருப்பினான். ஊளை நின்றது. மேசைமேல் யாரோ டம்ளரை வைத்த சத்தம் மாடியிலிருந்து தெளிவாகக் கேட்டது. வரப்பில் நின்ற சனம் அந்த டம்ளருக்கே கைதட்டியது.

பேச்சு இழுத்துக்கொண்டே போனது. பொழுது சாய்ந்தது. நான் பயந்தபடியே, தூரத்தில் பம்புசெட்டுகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. கூடத்துப் பல்பு மஞ்சளாகி, சிவந்து, கம்பி தெரிந்தது. பெட்டியின்மேல் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது, ஆனால் உறுமவில்லை. தாசில்தாரின் மெல்லிய குரல் கொஞ்சமும் குறையாமல் மாடியிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

"அரசாங்கம் அறிவிச்ச கூலிதான் கூலி" என்றார் அவர். "நாளைக் காலையில இருந்து எல்லாப் பண்ணையிலயும் அதைத்தான் அளக்கணும். வெளியாளை இறக்கக் கூடாது. இதுல மறுபேச்சு இல்லை."

 தூரத்து வரப்பிலிருந்து ஆரவாரம் கிளம்பியது. அங்கே கேட்டுவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

பெரிய மிராசுதார் நாற்காலியில் முன்னால் சாய்ந்து தாசில்தாரின் காதருகே ஏதோ சொன்னார். அக்கா எழுந்து நின்றார். "அய்யா, எதுவா இருந்தாலும் மைக்குல சொல்லுங்க. நாங்களும் கேக்கணும்ல?"

"மைக்குல சொல்லுங்க!" என்றது களம். "மைக்குல! மைக்குல!" என்றது வாய்க்கால் கரை.

மைக் அவர் முன்னால் நகர்ந்தது. ஊரே அவர் மூச்சு விடுவதைக் கேட்டது, அவ்வளவு துல்லியம். காதில் ரகசியமாகச் சொல்ல முடிந்ததை, அத்தனை ஆயிரம் காதுகளுக்கு முன்னால் அவரால் சொல்ல முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி. நாளைக்கு அளந்துடுறோம்" என்றார்.

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கூச்சல், சிரிப்பு, விசில். மாடியிலிருந்து கொழுந்தன், "மச்சி! கேட்டீங்களா மச்சி!" என்று கத்திக்கொண்டே படியில் இறங்கி ஓடி வந்தான். தாசில்தார் போகும்போது வாசற்படியில் நின்று, "செட்டு யாருதுங்க? நல்லா இருந்துச்சு" என்று கேட்டார். கொழுந்தன் என்னைக் காட்டி, "எங்க மச்சி செலக்‌ஷன் சார்" என்றான். நூறு வாட்டைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மாடிக்குப் போனேன். சாக்கைச் சுருட்டி எடுத்துவிட்டு நிமிர்ந்தால், கிழக்கே பெரிய பண்ணையின் வயலில் வரிசையாகக் குனிந்த முதுகுகள். அரிவாள்கள் நெல்லில் இறங்குகிற சரசரப்பு அங்கிருந்து கேட்டது. மத்தியானத்துக்குமேல் பண்ணைக் களத்தில் மரக்காலால் கூலி நெல்லை அளந்தார்கள். அளக்கிறவர் ஒவ்வொரு மரக்காலுக்கும் உரக்க எண்ணினார், சுற்றி நின்ற பெண்கள் அவரோடு சேர்ந்து எண்ணினார்கள். யாரும் அவசரப்படவில்லை.

சாயங்காலம் அவர்கள் தலையில் நெல் மூட்டையோடு எங்கள் வீட்டுப் பக்கமாகத்தான் திரும்பினார்கள். அக்கா முன்னால் வந்தார். மூட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையை மாடியில் நின்ற என்னைப் பார்த்து ஆட்டினார். பின்னால் வந்த பெண்கள் எல்லோரும் ஆட்டினார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். அதற்குமுன் தெருவில் போகிறவர்கள் பார்க்க நின்று யாருக்கும் கை அசைத்ததில்லை. முக்காடு நழுவினாலும் பரவாயில்லை என்று இரண்டு கையையும் தூக்கி அசைத்தேன்.